ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூம்

கால்பந்து ஆட்டம் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் எந்த லாட்ஜில் தங்கலாம் என்று என்னைக் கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி, எந்த லாட்ஜில் காலை ஆறு மணிக்கு மேல் குழாயில் வெறும் காற்று வரும், எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கத்து கோல் போஸ்ட் தெரியும், எல்லாம் எனக்கு அத்துப்படியாக இருந்தது. இத்தனைக்கும் எனக்குக் கால்பந்தே பிடிக்காது. ஒரு ஆட்டம்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்தவனில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெயிலில் அலைந்து இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பலன், என் அக்காவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது.

அக்காவைக் காட்பாடியில் கட்டிக்கொடுத்தது அறுபதுகளின் கடைசியில். அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். மந்தைவெளியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, நடுவில் ஒரு நடை. குழாயும் கக்கூசும் ஐந்து குடித்தனத்துக்கும் பொது. நான் தியாகராய நகரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்கு வருவேன். அதுவரைக்கும் அம்மாவுக்குப் பேச்சுத்துணை சுவர்தான்.

அக்காவின் மாமியார் லேசுப்பட்டவளில்லை. மருமகள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் காரணம் வேண்டும், அந்தக் காரணம் அவளுக்குப் பிடித்திருக்கவும் வேண்டும். "அம்மாவைப் பாக்கணும் போல கீது" என்பதெல்லாம் அந்த வீட்டில் காரணமே இல்லை. அம்மா அங்கே போகலாமே என்றால், பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று அம்மாவுக்கு ஒரு வீம்பு. காட்பாடிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வருவதற்கு எதற்கு ரயில் ஏற வேண்டும்?

ஆக, அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொள்ள இருந்தது ஒரே வழி. அது கால்பந்து.

அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், காட்பாடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஊர் டீமில் ஹாஃப் பேக். முட்டி போனபிறகு ஆட முடியவில்லை, ஆனால் பைத்தியம் மட்டும் போகவில்லை. மெட்ராஸில் பெரிய ஆட்டம் நடக்கிற சனி ஞாயிறெல்லாம் கடையைச் சாத்திவிட்டு ரயில் ஏறிவிடுவார். புருஷன் போகிற ஊருக்குப் பெண்டாட்டி கூடப் போவதை மாமியாரால் தடுக்க முடியவில்லை. அவருக்கு ஆட்டம், அக்காவுக்கு அம்மா. சீசன் சமயத்தில் மாதம் இரண்டு முறைகூட வந்திருக்கிறாள். கல்கத்தா டீம் தோற்றுவிடக் கூடாது, அடுத்த வாரமும் ஆட வேண்டும் என்று என் அம்மா வேண்டிக்கொண்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பந்து உருண்டையா சதுரமா என்றுகூட அம்மா கவனித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமைகளில் அம்மா ஆளே மாறிவிடுவாள். சாந்தோம் குப்பத்திலிருந்து வருகிற மீன்காரம்மாவை விடிவதற்குள் வாசலில் நின்று பிடித்து, சங்கராவா வஞ்சிரமா என்று பேரம் பேசுவாள். அக்கா வந்ததும் இரண்டு பேரும் சமையற்கட்டில் புகுந்துவிடுவார்கள். என்னதான் பேசுவார்களோ, எண்ணெய் தாளிக்கிற சத்தத்துக்கு மேல் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆம்பளைகள் ஆட்டத்துக்குப் போனதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரங்கநாதன் தெருவுக்குப் பஸ் ஏறுவார்கள். பத்துக் கடை ஏறி இறங்கிவிட்டு ஒரு டஜன் கண்ணாடி வளையலோடு திரும்பி வருவார்கள். அந்த வளையலைப் பற்றியே ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேச்சு ஓடும்.

என் கதை வேறு. எனக்கு ஒரு கயிற்றுக்கட்டிலும் ஒரு டேபிள் ஃபேனும் இருந்தன. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அவ்வளவுதான். மாமா வந்தால் இரண்டும் அவருக்கு. வருவதும் தனியாக இல்லை. காட்பாடியிலிருந்து கூடவே மூன்று பேர், எல்லாரும் பழைய ஆட்டக்காரர்கள், எல்லாருக்கும் தொண்டை பெரிது. ஆட்டம் முடிந்து வந்து, தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டு, உப்பு ஜாடியை கோல்கீப்பராகவும் டம்ளர்களை ஃபார்வர்டுகளாகவும் வைத்து மறுபடி ஒரு ஆட்டம் ஆடுவார்கள். நான் நடையில் பாயைப் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

"இன்னாடா மச்சான், பந்துன்னா உனுக்குப் பயமா? வந்து குந்துடா. உன் வயசுல நாங்க கல்லை ஒதச்சோம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கெட்ட மனுஷர் இல்லை. வரும்போது கூடை நிறைய முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுவருவார், அம்மாவை வாய் நிறைய அத்தே என்று கூப்பிடுவார், சாப்பிட்ட தட்டை அம்மாவை எடுக்க விடமாட்டார், தானே போய்க் கழுவுவார். இதெல்லாம் எனக்கு அப்போது கண்ணில் படவில்லை. என் ஃபேன் அவர் பக்கம் திரும்பியிருந்தது மட்டும்தான் பட்டது.

அந்த வருஷம் கம்பெனியில் எனக்கு ஒரு பரீட்சை. தேறினால் சீனியர் ஆகலாம். படிக்கக் கிடைத்ததே சனி ஞாயிறுதான். அந்தச் சமயம் பார்த்து ஒரு போட்டி ஆரம்பித்து, நாலு வாரம் தொடர்ந்து வரப்போகிறோம் என்று கார்டு வந்தது. அம்மா கார்டை மூன்று முறை படிக்கச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. ஸ்டேடியம் சென்ட்ரலுக்குப் பக்கத்தில். அவர்கள் வந்து இறங்குவதும் சென்ட்ரலில். இறங்கின இடத்திலேயே ரூம் போட்டுத் தங்காமல், எதற்காக மந்தைவெளி வரைக்கும் பஸ்ஸில் இடிபட்டு வந்து, திரும்ப ஆட்டத்துக்கு அங்கே போய், திரும்ப இங்கே வர வேண்டும்? அக்காவையும் குழந்தையையும் இங்கே விட்டுவிட்டு ஆம்பளைகள் நாலு பேரும் அங்கே தங்கட்டும். அக்கா இருப்பாள், அம்மாவுக்குச் சந்தோஷம். கட்டில் என்னிடம் இருக்கும், எனக்குச் சந்தோஷம். எவ்வளவு புத்திசாலி நான்! கணக்குப் பரீட்சையில்கூட இவ்வளவு சுத்தமாக விடை வந்ததில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடா சொல்ற? மாப்ளய லாட்ஜ்ல தங்க வெக்கிறதா? ஊர்ல வூடு இருக்கச் சொல்லோ?"

"அவருக்குத்தான்மா சௌகரியம். காலாற நடந்தா ஸ்டேடியம்."

"அவரு கேட்டாரா?"

கேட்கவில்லை என்றேன். அம்மா வெங்காயத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "உனுக்குப் படிக்கணும்னா சொல்லு, நான் மாப்ளகிட்ட நைசா பேசறேன். இந்த லாட்ஜ் கீட்ஜ்லாம் நம்ம ஜனத்துல பழக்கமில்ல" என்றாள். அதை அப்படியே விட்டிருக்கலாம். மாமாவிடம் போய், எனக்குப் பரீட்சை, சத்தம் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷர் கேலி பண்ணிவிட்டு மூன்று நண்பர்களையும் வாசலில் படுக்க வைத்திருப்பார். அவரிடம் ஒன்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. கௌரவம்!

அடுத்த சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து நேரே சென்ட்ரல் பக்கம் போய் இறங்கினேன். முதலில் பார்த்தது ஸ்டேஷனுக்கு எதிரே. ரூமைத் திறந்ததும் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், தையல் ஓரமெல்லாம் மூட்டைப்பூச்சி வரிசை கட்டி நின்றது. "அது எங்கதான் இல்ல சார்" என்றான் அங்கிருந்தவன். இரண்டாவது, மூர் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம். ரூம் பரவாயில்லை, ஆனால் எட்டு ரூமுக்கு ஒரு குளியலறை, குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டுமாம். மூன்றாவது பெரியமேட்டில், ஒரு முஸ்லிம் பெரியவர் நடத்திய லாட்ஜ். சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தது. நாலு பேர் படுக்கிற பெரிய ரூம், இரண்டு பக்கமும் ஜன்னல், கிணற்றுத் தண்ணீர் எந்நேரமும் உண்டு. கீழே அவர்களுடைய சொந்தக்காரர் சாப்பாட்டுக் கடை, பிரியாணி வாசனை மாடி வரைக்கும் வந்தது. பெரியவர் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கூரைகளுக்கு நடுவே, ஸ்டேடியத்தின் ஒரு மூலையும் ஒரு கோல் போஸ்டும் தெரிந்தன.

"ஆட்டம் பாக்கற ஆளுங்கதான் நம்மகிட்ட வர்றது. நானும் ஆட்டத்த வுடமாட்டேன் சார்" என்றார். எனக்கே அந்த இடம் பிடித்துவிட்டது. இதுதான் என்று முடிவு பண்ணினேன்.

கீழே வந்து பெரிய நோட்டைப் பிரித்துப் பெயர் எழுதும்போது கேட்டார். "யாரு சார் தங்கப் போறாங்க?"

"எங்க அக்கா வீட்டுக்காரர் பாய். கூட மூணு பேர்."

"நீங்க எந்த ஊரு?"

"மந்தைவெளி."

பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இங்க வூட வெச்சிக்கினு அக்கா ஊட்டுக்காரர லாட்ஜ்ல வுடுறீங்களா? இன்னா சார், வூட்ல யாருக்குனா அம்மை போட்டுக்கீதா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்து, சொந்தத்தை வாசலோடு நிறுத்துவதற்கு இருந்த நியாயமான காரணம் அது ஒன்றுதான். அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, வேப்பிலை கட்டியிருந்தால் தெருவிலேயே திரும்பிவிட வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும். எனக்கோ முகம் சுட்டது. எனக்கு என் கட்டில் வேண்டும் என்று ஒரு பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"ஆமா பாய்" என்றேன். "அம்மாவுக்கு."

"அடடா. அல்லா காப்பாத்துவார் சார். நல்லபடியா எறங்கிடும்" என்று சொல்லி, பேரம் பேசாமலே ரூமை எழுதிக்கொடுத்தார்.

பெற்ற தாய்க்கு வாயால் அம்மை வரவழைத்துவிட்டு, வழியில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவ்வளவு நிம்மதி எனக்கு.

மாமாவிடம் லாட்ஜ் விஷயத்தைச் சொன்னபோது, ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். சென்ட்ரல் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறு எங்கோ பார்ப்பது போல நின்றாள். பிறகு மாமா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பரவால்லடா மச்சான், எங்களுக்குன்னு அலஞ்சி எடம் பாத்துக்கீறியே. மாடிலேர்ந்து கோல் போஸ்ட் தெரியுதா? அப்ப போய்ப் பாத்துடுவோம்." மனசுக்குள் அவருக்கு முள் குத்தியிருக்கும். ஆனால் விழுங்கிவிட்டார். அதை இன்றைக்கு நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் செய்த அவமரியாதையை அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நான் போட்ட திட்டப்படியே நடந்தது. அக்கா வந்தாள், மீன் வந்தது, வளையல் வந்தது. மாமா வீட்டுப் பக்கமே வரவில்லை, சாப்பாட்டை லாட்ஜுக்குக் கீழே இருந்த கடையிலேயே முடித்துக்கொண்டார்; அக்காவைச் சென்ட்ரலிலிருந்து கூட்டி வந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். பெரியவர் அந்தச் சமயம் ஏதோ கல்யாணமென்று ஆம்பூர் போயிருந்தாராம், அவர் மகன்தான் லாட்ஜைப் பார்த்துக்கொண்டான். நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு படித்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆட்டம் என்றால் விடமாட்டாரே, அன்றைக்கும் போனார். தன் லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் என்று யாரோ காட்ட, மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆளுக்கு ஒரு கோல் போட்டு ஆட்டம் சமமாக நின்றது. இடைவேளையில் வேர்க்கடலை வாங்கி மாமாவுக்கும் கொடுத்துவிட்டு, அக்கறையாகக் கேட்டிருக்கிறார்: "வூட்ல அம்மாவுக்கு எப்டி கீது சார்? தண்ணி ஊத்தியாச்சா?"

எந்த அம்மாவுக்கு, என்ன தண்ணி என்று மாமாவுக்குப் புரியவில்லை. பெரியவர் சொல்லியிருக்கிறார். மாமாவின் பெண்டாட்டியும் இரண்டு வயசுக் குழந்தையும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பெரியவரே பதறிவிட்டாராம். "அய்யய்யோ, பச்ச கொழந்தய அங்கயா வுட்டீங்க?"

மாமா பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடினார். காட்பாடியிலிருந்து மெனக்கெட்டு வந்த ஆட்டம். வாழ்க்கையில் அவர் நடுவில் எழுந்து வந்த ஒரே ஆட்டம். டாக்சி பிடித்து மந்தைவெளி வந்து, செருப்போடு நடைக்குள் நுழைந்தார்.

"கொழந்த எங்க? கொழந்த எங்கடி?"

குழந்தை நடையில் உட்கார்ந்து டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தது. அக்கா மீன் கழுவிய கையோடு ஓடிவந்தாள். அம்மா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா மாப்ளே, ஆட்டம் முடிஞ்சிடுச்சா?" என்றாள். அம்மாவின் முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை. வாசலில் வேப்பிலை இல்லை. உள்ளே கட்டிலில் ஃபேன் காற்றில் நான் படுத்திருந்தேன். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

"யாருக்குடா அம்மை?" என்றார்.

அம்மா, "அம்மையா? ஆருக்கு? இன்னா சொல்றாரு இவரு?" என்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஃபேனை அணைக்கப் போனதைப் பார்த்தே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தடுமாறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "வழியெல்லாம் எந்தச் சாமிய வேண்டறதுன்னு தெரியாம வந்தேண்டா" என்றார். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "கெளம்பு" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா கெஞ்சினாள். "சின்னப் பையன், புத்திகெட்டுப் பண்ணிட்டான், மனசுல வெச்சிக்காதீங்க மாப்ளே. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க." மாமா வாசலில் நின்று திரும்பினார். "உங்க மேல எனுக்கு ஒண்ணும் இல்ல அத்தே. அம்மை போட்ட வூட்ல சாப்பிடக் கூடாதில்ல, அதான்" என்றார். வறுத்த மீன் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. பக்கத்துக் குடித்தனத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் காலையில் அம்மா காபியை வைத்துவிட்டு, "நாலு வாரம் பாய்ல படுத்தா உன் முதுகு வளஞ்சிடுமாடா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பரீட்சையில் தேறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சீனியர் ஆனேன். அம்மா சர்க்கரை வாங்கி எல்லாக் குடித்தனத்துக்கும் கொடுத்தாள், தன் வாயில் ஒரு துளி போட்டுக்கொள்ளவில்லை.

மாமா ஆட்டம் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. அதே லாட்ஜ், அதே ரூம். இப்போது தனியாக வந்தார், நண்பர்களோடு வந்தார், பெண்டாட்டி இல்லாமல் வந்தார். மதுவிலக்கை எடுத்துவிட்டிருந்த சமயம் வேறு, லாட்ஜில் இருந்தால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இருந்தபோது ஒரு பீடி பிடிப்பதற்கே தெருக்கோடிக்குப் போகிறவர். கோபத்துக்குக் கோபமும் ஆயிற்று, சௌகரியத்துக்குச் சௌகரியமும் ஆயிற்று. இரண்டையும் நான்தான் தேடிப்பிடித்துக் கொடுத்திருந்தேன். அக்காவைக் கூட்டிவராததற்கு அவர் வீட்டில் சொன்ன காரணம், எல்லாரிடமும் சொன்ன காரணம், ஒன்றே ஒன்று: "அங்க அம்மை போட்டுக்கீது. கொழந்தய வெச்சிக்கினு எப்டிப் போறது?" முதலில் குத்தலாகத்தான் சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல அந்த வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. மாமியாருக்கு இதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்?

மன்னிப்புக் கேட்க ஒரு முறை காட்பாடிக்குப் போனேன். ராஜ உபசாரம். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள், மாமா பக்கத்தில் உட்கார்ந்து என் இலையில் கறியை அள்ளிப் போட்டார். "எனுக்கு இன்னாடா கோவம்? நீ எனுக்கு எவ்ளோ நல்ல எடமா பாத்துக் குடுத்த!" என்றார். சாப்பிட்டுக் கை கழுவியதும் சைக்கிளை எடுத்தார். "வா, உனுக்கும் ஸ்டேஷன் பக்கத்துல நல்ல லாட்ஜா பாத்து வெச்சிக்கீறேன். காலைல ரயிலுக்கு நடந்தே போய்டலாம்." கதவோரம் நின்றிருந்த அக்கா வாயைத் திறந்தாள். மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். அந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சிக் கடியில் கிடந்தேன், வாடகையை மாமாதான் கொடுத்திருந்தார்.

அஞ்சு வருஷம். அதில் அக்கா மந்தைவெளி வந்தது இரண்டே தடவை, இரண்டும் சொந்தத்தில் நடந்த சாவுக்கு. காலையில் வந்து குளித்துவிட்டுச் சாயங்காலம் போய்விட்டாள். அம்மா மட்டும், பேப்பரில் ஆட்டம் போட்டிருக்கிறதா என்று சனிக்கிழமைதோறும் என்னைப் பார்க்கச் சொல்வாள். போட்டிருக்கிறது என்றால் மீன்காரம்மாவை நிறுத்தி மீன் வாங்குவாள். "ஒரு வேள மனசு மாறிக் கூட்டியாந்தாருன்னா?" என்பாள். பெரியம்மை நாட்டைவிட்டே ஒழிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒழியவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் அடையாறு. கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு சத்திரத்தில். மாப்பிள்ளைக்கு அக்கா வந்து மூன்றாவது முடிச்சுப் போட வேண்டும், விளக்குப் பிடிக்க வேண்டும். நாத்தனார் இல்லாமல் தாலி கட்டுவது எப்படி? மாமியாராலும் அதற்குமேல் தடுக்க முடியவில்லை. வருகிறோம் என்று கார்டு போட்டார் மாமா. அம்மா ஒரு வாரமாக வீட்டை ஒழித்துக் கழுவினாள். அக்கா படுக்க என் கட்டிலைத் துடைத்து, புது ஜமுக்காளம் விரித்தாள். ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை ரயிலுக்கு அவர்கள் வந்திருக்க வேண்டும். மத்தியானம் ஆகியும் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

பெரியமேட்டு லாட்ஜில் பெரியவர் இப்போது ரொம்பத் தளர்ந்திருந்தார். நல்லவேளை, என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மாமா நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறார், "பேமிலி மேல கீறாங்க" என்றார். மாடியேறிப் போனேன். ரூமில் அக்கா இல்லை. மொட்டைமாடியில் புடவை உலர்த்திவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது, முப்பது வயசுகூட ஆகவில்லை. பக்கத்தில் அவள் பெண், ஏழு வயசு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வா தம்பி" என்றாள் அக்கா, என்னவோ அவள் வீட்டுக்கு நான் வந்தது போல.

"அம்மா கட்டில்லாம் போட்டு வெச்சிருக்காக்கா. வாக்கா, போலாம்."

"அவரு இங்க ரூம் போட்டுட்டாரேடா. நாளைக்கு முகூர்த்தத்துக்கு நேரா சத்திரத்துக்கே வந்துடறோம். முடிச்சுப் போட்டுட்டு, மத்தியான ரயிலுக்குப் போவணும்." ஸ்டேடியம் பக்கம் கையைக் காட்டினாள். "தோ பாரு, கோல் போஸ்ட் தெரியுது. அஞ்சு வருஷமா இதப் பத்தியே சொல்லிக்கினு இருந்தாரு. இன்னிக்குத்தான் பாக்கறேன். நல்ல எடமாத்தான் பாத்துக்கீறே."

அவள் குத்தவில்லை. அக்காவுக்குக் குத்தத் தெரியாது. நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். மாடியில் துணி உலர்த்த யாரோ வந்தார்கள் என்று நின்றுவிட்டேன். அப்போதும் கௌரவம்.

"ஒரு மணி நேரமாவது வந்துட்டுப் போக்கா. அம்மா மீன் வாங்கி வெச்சிக்கினு உக்காந்திருக்கா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா பதில் சொல்வதற்குள் குழந்தை சுவரை விட்டு இறங்கி என் கிட்டே வந்தது. விவரம் தெரிந்தபிறகு என்னை இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறது. கையைத் தொட வந்து, தொடாமல் பின்னால் இழுத்துக்கொண்டது. என் முகத்தையும் கையையும் உன்னிப்பாகப் பார்த்தது. பிறகு நிஜமான அக்கறையோடு, நோயாளியை விசாரிக்கிற பெரிய மனுஷி மாதிரிக் கேட்டது.

"மாமா, ஆயா வூட்ல அம்மை எறங்கிடுச்சா?"